நடுநிலை என்பது நழுவல் அன்று

தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்களின் முகமே மாறிவிடுகிறது. மவுண்ட்–பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்த ஐயப்பன்தாங்கலும் இதற்கு விலக்கன்று. ஒரே தெருவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியவர்கள், கொடியின் நிறம் வேறானதும் முகம் திருப்பிக்கொள்கின்றனர். வாக்குகள் எண்ணி முடிந்த பின்னும் அக்கசப்பு தீர்வதில்லை. மூன்று நாட்களுக்கு மேல் சகோதரரை வெறுத்து ஒதுங்கியிருத்தல் ஆகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. நாமோ அடுத்த தேர்தல்வரை பகையைப் பேணுகிறோம்!

நடுநிலை பேணுங்கள் என்றால், கொள்கையைக் கைவிடச் சொல்வதாகச் சிலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. திருமறை இச்சமுதாயத்தை நடுநிலைச் சமுதாயம் என்று குறிப்பிடுவது, நீதி வழுவாத நிலையைக் கருதியே என்பர் விரிவுரையாளர். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகைகூட நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்றும் அது எச்சரிக்கிறது.

கி.பி. 628ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். உம்ராவுக்குப் புறப்பட்ட முஸ்லிம்களைக் குறைஷியர் தடுத்தனர். உடன்படிக்கை எழுதப்பட்டபொழுது, ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களை அவர்களுடைய பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ர் ஏற்க மறுத்தார். அவற்றை அழிக்க ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே அழித்து, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று எழுதச் செய்தார்கள். தோழர்கள் பலர் மனம் வெதும்பினர். விட்டுக்கொடுக்கப்பட்டது சொல்தான், தூதுத்துவம் அன்று. அதனால் பத்தாண்டுப் போர்நிறுத்தம் உடன்பாடாயிற்று. அந்த சுஹைலும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார்.

நம் தமிழக அரசியலில் இப்பண்புக்குச் சான்றாக வாழ்ந்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (1896–1972). முஸ்லிம்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிமுறை நீடிக்க வேண்டும் என்று அவர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டார். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். கோரிக்கை தோற்றது. அது சரியா, தவறா என்பது இங்குப் பேச்சன்று. தோற்றவர் என்ன செய்தார் என்பதே பாடம். அவர் சபையை விட்டு விலகவில்லை. நாட்டின்மீது பிணக்குக் கொள்ளவும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில் எழுந்து, தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். பின்னர் மக்களவைக்கு 1962, 1967, 1971 ஆகிய ஆண்டுகளில் மஞ்சேரித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய முஸ்லிம் லீக், அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகத்துடனும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடனும் ஓரணியில் நின்றது. 1938இல் ராஜாஜி அமைச்சரவையின் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றவர் அண்ணா! மார்க்சிஸ்டுகளும் அவ்வணியில் இருந்தனர். எவரும் தம் கொள்கையைத் துறந்து வரவில்லை. பொதுவாக உடன்பட்ட சிலவற்றில் மட்டும் இணைந்தனர். அதில் தேர்தல் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1971இல் ராஜாஜி எதிரணிக்குச் சென்றதும் உண்மையே. ஆயினும் நேற்றைய எதிரியோடு அமர்ந்து பேச முடியும் என்பதை அப்பெரியோர் காட்டிச் சென்றனர்.

தலைவர்கள் இணைந்தும் பிரிந்தும் செல்வர். அண்டை வீட்டார் மாறுவதில்லை. நள்ளிரவில் நோய் கண்டால் ஓடி வருபவர் அவர்; மையித்து வீட்டில் முதலில் வந்து நிற்பவரும் அவரே. எனவே, மாற்றுக் கட்சியினர் சொல்வதில் நியாயம் இருப்பின் அதனை வாய்விட்டு ஒப்புக்கொள்வோம். தம் கட்சியார் செய்யும் அநீதியைத் தாமே கண்டிப்போம். இரண்டாவது கடினமானது, நடுநிலையின் உரைகல்லும் அதுவே. வென்றவர் ஏளனம் செய்யாதிருக்கட்டும். தோற்றவர் வன்மம் வளர்க்காதிருக்கட்டும். ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பதும் நபிமொழி தரும் பாடமன்றோ!

வல்ல இறைவன் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக!