மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்குப் போங்கள்

எம்.எஸ்சி. சேர்ந்த முதல் வாரத்தில், எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "பின்னாடி பிஎச்.டி. பண்ற எண்ணம் இருந்தா, கைடு யாருன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மதியம் சாப்பாட்டு நேரத்துல அந்த லேப்ல போய் அரை மணி நேரம் உட்காரும்மா. ஸ்காலருங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறாங்களா, இல்ல ஆளுக்கொரு பக்கம் டப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்களான்னு பாரு. மத்ததெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்." அன்று அது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முதுகலையும் ஐந்தரை ஆண்டு ஆராய்ச்சியும் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது சேரப் போகிறவர்கள் யோசனை கேட்டால் அதே வார்த்தையைத்தான் முதலில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நாம் பேச்சுவழக்கில் தனியார் பல்கலைக்கழகம் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை, 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி நிகர்நிலைத் தகுதி பெற்றவை. 'டீம்டு' என்பார்கள். வேலூர் வி.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்திரா இரண்டுமே 1984-இல் பொறியியல் கல்லூரிகளாகத் தொடங்கி 2001-இல் இந்தத் தகுதியைப் பெற்றன. இந்த வரலாறு முதுகலை மாணவரின் அன்றாடத்தைத் தொடுகிறது. இப்படி வளர்ந்த வளாகங்களில் விடுதி, மெஸ், பேருந்து, பிளேஸ்மென்ட் அலுவலகம் எல்லாமே ஆயிரக்கணக்கான பி.டெக். மாணவர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. எம்.எஸ்சி., எம்.ஏ., எம்.காம். மாணவர்கள் அந்தப் பெரிய ஊருக்குள் ஒரு சின்னத் தெருவில் குடியிருப்பவர்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வரும் மாதங்களில் இது பளிச்சென்று தெரியும். வளாகத்துக்கு வந்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் சேர்க்கைக் கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு இருக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்தப் படிப்புக்காரர்கள் விண்ணப்பிக்கலாம் என்று தனியாகச் சொல்லும். கணினி அறிவியல், ஐ.டி., எலக்ட்ரானிக்ஸ் பி.டெக்., கூடவே எம்.சி.ஏ. என்று அது முடிந்துவிடும். 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. அவர்களுக்கு இந்த வளாகங்கள் நன்றாகவே கைகொடுக்கின்றன. வேதியியல் எம்.எஸ்சி. படித்த நாங்கள் அந்த அறிவிப்புகளை வாசித்துவிட்டு மின்னஞ்சலை மூடிய நாட்கள் அதிகம்.

சேர்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு; பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இல் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கும். எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டு முதுகலை என்று தனிப் பகுதி இருக்கும். அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், சம்பளத்தின் இடைநிலை மதிப்பு எல்லாம் அதில் உண்டு. இடைநிலை மதிப்பு என்றால், எல்லாச் சம்பளத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நட்ட நடுவில் நிற்கும் தொகை. பாதிப் பேர் அதற்குக் கீழேதான் வாங்கினார்கள். விளம்பரப் பலகையில் மின்னுவது உச்சச் சம்பளம். ஓர் எச்சரிக்கை: இந்தக் கணக்கு எல்லா முதுகலைப் படிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தது. எம்.பி.ஏ.வும் எம்.டெக்.கும் எம்.எஸ்சி.யும் அதில் கலந்திருக்கும். உங்கள் துறைக்கு மட்டும் எவ்வளவு என்பதை அத்துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வகுப்பறையைப் பொறுத்தவரை எனக்குக் குறையைவிட நன்றிதான் அதிகம். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவள் நான். முதல் செமஸ்டரில் பாடம் புரிந்தது. எழுந்து நின்று கேள்வி கேட்க வாய் வரவில்லை. என்னைப் போல் வந்தவர்கள் கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே படிப்பு வேகமானது. இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், செமினார் என்று வாரா வாரம் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். சில இடங்களில் ரிலேட்டிவ் கிரேடிங் உண்டு. வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு போடுவதால், 75 மதிப்பெண் எடுத்தும் 'பி' வாங்கிக்கொண்டு அழுத தோழிகள் எனக்கு உண்டு. ஆனால் விருப்பப் பாடங்கள் நிறைய இருந்தன; தேர்வு முடிவுகள் சொன்ன நாளில் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காம் செமஸ்டர் முழுவதையும் வெளியே போய் ப்ராஜெக்ட் செய்ய விட்டார்கள். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அந்த ஐந்து மாதம் கிடைத்தால், ஒரு மாணவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதே மாறிவிடும். துறை அப்படி அனுப்புமா, போனவர்கள் யார் யார் என்று கட்டாயம் விசாரியுங்கள்.

இனி பணம். வீட்டில் நகையை வைத்து முதல் தவணை கட்டியவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர் இருந்தார்கள். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் வட்டியையாவது அவ்வப்போது கட்டிவந்தால் பின்னால் பாரம் குறையும். எம்.டெக். போகிறவர்களுக்கு ஒன்று: கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் வரை உதவித்தொகை பெறலாம். தாங்கள் சேரும் படிப்புக்கு அந்த ஒப்புதல் உண்டா என்று கேட்காமலே சேர்ந்து, அதை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். வேறு இடத்தில் சீட் கிடைத்தும், "கட்டின பணம் போயிடுமே" என்று பிடிக்காத இடத்திலேயே தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி முடிந்து 15 நாட்களுக்குள் 80, அடுத்த 15 நாட்களுக்குள் 50 சதவீதம். அதன் பிறகு ஒன்றும் இல்லை. 2024-25-இல் இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் வரும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் உடனே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், மரியாதையாக, ஆனால் எழுத்தில், திருப்பிக் கேளுங்கள்.

ஆராய்ச்சிப் படிப்புதான் நான் விரிவாகப் பேச விரும்புவது. முதுகலையில் ஆசிரியர் ஒருவர் சரியில்லை என்றால் ஒரு செமஸ்டரோடு போயிற்று. பிஎச்.டி.யில் ஒரே ஒருவரின் கையெழுத்துக்குள் உங்கள் ஐந்தாறு ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு. பெண் ஆய்வாளர்கள் பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாட்கள் வரை விடுப்பு எடுக்கலாம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். தொடக்கத்தில் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் உண்டு. செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன் நின்று, இதுவரை செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று முந்தைய 2016 விதிகள் சொன்னதை 2022 விதிகள் எடுத்துவிட்டன. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன. ஸ்கோபஸில் இடம்பெறும் இதழில் இரண்டு கட்டுரை, மூன்று கட்டுரை என்பார்கள். ஏன் இந்தப் பிடிவாதம்? என்.ஐ.ஆர்.எஃப்.-இன் ஒட்டுமொத்தப் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் ஆராய்ச்சிக்குப் போகிறது. வெளியான கட்டுரைகளையும் அவை பெறும் மேற்கோள்களையும் எண்ணித்தான் அதில் பெரும்பகுதியைக் கணக்கிடுகிறார்கள். தரவரிசையை நம்பி மாணவர் வருகிறார். மாணவர் கட்டும் பணத்தில் வளாகம் நடக்கிறது. ஆக, ஸ்காலர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. இதில் நன்மையும் உண்டு. நான் ஒழுங்காக எழுதக் கற்றது அந்த நெருக்கடியில்தான். ஆனால் ஒரு நல்ல கேள்வியை நிதானமாகத் துரத்த வேண்டிய வயதில், எந்த இதழ் சீக்கிரம் போடும் என்று தேடிக்கொண்டிருந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களில் விழுந்து, பிறகு அந்தக் கட்டுரை கணக்கில் வராமல் தவித்தவர்களையும் பார்த்தேன். எத்தனை கட்டுரை, எப்படிப்பட்ட இதழ் என்பதைச் சேரும்போதே விதிப்புத்தகத்தில் படித்துவிடுங்கள்.

உதவித்தொகையிலும் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. பக்கத்து மேசையில் பல்கலைக்கழகமே தரும் தொகையில் இருப்பவருக்கு அதைவிட வெகு குறைவாகத்தான் கிடைக்கும். அதற்கும் பதிலாக அவர் பி.டெக். லேப் வகுப்பு எடுப்பார், தேர்வறை மேற்பார்வைக்குப் போவார், விடைத்தாள் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இந்த வேலை, எத்தனை ஆண்டு வரை தொகை வரும், அதற்குப் பிறகு கட்டணம் யார் கட்டுவது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கருவிகள் பற்றியும் கேளுங்கள். வளாகத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவிக்கும் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் பகுப்பாய்வு மையத்துக்கு சாம்பிள் அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பதும் ஆராய்ச்சி வாழ்க்கையில் ஒரு பகுதிதான். அந்தச் செலவு கைடின் ப்ராஜெக்ட் நிதியிலா, உங்கள் பையிலா?

என் மூன்றாம் ஆண்டில் என் கைடு வேலையை விட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. தனியார் நிறுவனங்களில் ஆசிரியர்கள் இடம் மாறுவது சாதாரணம். ஆனால் அடுத்த நான்கு மாதம் என் தாள்களில் கையெழுத்திட ஆள் இல்லை. கையெழுத்து இல்லாததால் உதவித்தொகையும் நின்றது. அலுவலகத்தில் ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் காட்டியது. மாணவர் குறைகளுக்கு முதலில் குறைதீர் குழு, அங்கே தீராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து நியமிக்கப்படும் ஆம்பட்ஸ்பர்சன் என்று 2023-இல் மானியக் குழு விதி கொண்டுவந்திருக்கிறது. அப்படி ஒரு வழி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அத்தனை நாள் அழுதிருக்க மாட்டேன்.

அதனால்தான் கைடைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்கச் சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேரும் ஷோத்கங்கா தளத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் யார் யார் முடித்தார்கள், எந்த ஆண்டு பதிவு செய்தார்கள், எந்த ஆண்டு முடித்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவர் இந்த வளாகத்துக்கு வந்து எத்தனை ஆண்டு ஆகிறது, இணை வழிகாட்டியாக இன்னொருவரைப் போட முடியுமா, பாதியில் விட்டுப்போன ஸ்காலர்கள் உண்டா, உண்டென்றால் ஏன்?

கடைசிக் கேள்விக்கு எந்தத் தளத்திலும் விடை இருக்காது. அதற்குத்தான் மதியம் ஒரு மணிக்குப் போகச் சொல்வது. கைடு இல்லாத அந்த நான்கு மாதமும் நான் சேர்த்து வைத்த சாம்பிள்களைத் தங்கள் பெயரில் பதிவு செய்து ஓட்டிக் கொடுத்தவர்கள், எங்கள் லேபில் ஒரே செய்தித்தாளை விரித்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஐந்து பேர். புதிதாக யாராவது கதவருகே தயங்கி நின்றால், அவர்களே நகர்ந்து இடம் விடுவார்கள்.