ஃபைபருக்குள் ஒரு தெர்மாமீட்டர்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வீடுகளுக்கு இன்று இன்டர்நெட்டைக் கொண்டு வருவது ஆப்டிகல் ஃபைபர் என்னும் மெல்லிய கண்ணாடி இழை. இதே ஃபைபர், நோயைக் கண்டறியவும் ஆள் நெருங்க முடியாத இடத்தில் வெப்பத்தை அளக்கவும் உதவுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ராமன் விளைவு.

ராமன் விளைவு

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் இதைக் கண்டறிந்தார். ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம்.

உடலைச் சோதிக்கும் புரோப்

மருத்துவ புரோபில் ஒரு ஃபைபர் லேசரைக் கொண்டு செல்லும். பக்கத்து ஃபைபர்கள் திசுவில் சிதறிய ஒளியைத் திருப்பி எடுத்து வரும். பெரும்பாலும் 785 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். லேசர் செல்லும் வழியில் ஃபைபரின் கண்ணாடியே ராமன் ஒளியை உண்டாக்கி, திசுவின் சிக்னலை மூழ்கடித்துவிடும். எனவே புரோபின் முனையில் நுண்ணிய ஃபில்டர்களைப் பொருத்துகிறார்கள். நவி மும்பையின் ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையம், இத்தகைய புரோப் கொண்டு வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்துள்ளது.

தொந்தரவே கருவியானது

மருத்துவருக்குத் தொந்தரவான அந்தக் கண்ணாடி ஒளிதான் கல்பாக்கத்தில் பயன் தருகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே, அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். கசிந்தால் காற்றில் தீப்பற்றும். தண்ணீர் பட்டாலும் ஆபத்து. எனவே கசிவை உடனே கண்டுபிடிக்க வேண்டும். குழாய் நெடுக ஃபைபரை வைத்து ராமன் ஒளியால் கசிவை அறியும் முறையை அம்மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர்.

செயல்படும் விதம் எளிது. லேசரைத் துடிப்பு துடிப்பாக அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ராமன் ஒளியில் இரண்டு வகை உண்டு. அவற்றில் ஆன்டி-ஸ்டோக்ஸ் என்ற வகை, வெப்பம் கூடினால் நன்றாக வலுக்கும். ஸ்டோக்ஸ் என்ற மற்றது அந்த அளவுக்கு மாறாது. இரண்டின் விகிதம் வெப்பநிலையைத் தரும். ஒளி திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் இடத்தைக் காட்டும்: 1 மைக்ரோ விநாடி என்றால் சுமார் 100 மீட்டர் தொலைவு. தெர்மாமீட்டர்களை வரிசையாக வைக்கத் தேவையில்லை. முழு ஃபைபரும் தெர்மாமீட்டர்தான்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் வீட்டு ஃபைபரில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கழற்றிய இணைப்பின் முனையை ஒருபோதும் உற்றுப் பார்க்காதீர்கள்.