பத்து நாள் கடலில் முளைத்த சூரியன்

கற்பனையாக ஒரு கடல். அதன் மேல் நிலவின் இழுப்பு மட்டும்தான் உண்டு. சூரியன் இல்லை, காற்று இல்லை, புயல் இல்லை. 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் நீர்மட்டம் சராசரிக்கு மேலே ஒரு மீட்டர் ஏறி, கீழே ஒரு மீட்டர் இறங்குகிறது. மணிக்கொரு முறை அளந்து, பத்து நாளில் 240 எண்களைச் சேர்க்கிறோம். ஃபூரியர் உருமாற்றம் செய்யும் மென்பொருளிடம் அவற்றைக் கொடுத்தால், எந்தெந்தக் கால அளவுள்ள அலைகள் எவ்வளவு வலுவோடு கலந்திருக்கின்றன என்று கோடுகளாக வரைந்து காட்டும். உள்ளே போனது ஒரே அலை. வெளியே ஒரே கோடுதான் வரவேண்டும்.

வருவது வேறு. 12 மணி 38 நிமிடத்தில் ஏறத்தாழ 84 செ.மீ. உயரத்துக்கு ஒரு கோடு. சரியாக 12 மணியில் 40 செ.மீ.க்கு இன்னொன்று. 13 மணி 20 நிமிடத்தில் 20 செ.மீ., 11 மணி 26 நிமிடத்தில் 16 செ.மீ., அப்புறம் இரு பக்கமும் தேய்ந்துகொண்டே போகும் சில்லறைக் கோடுகள். நாம் கொடுத்த 12 மணி 25 நிமிடத்தை மட்டும் காணோம்.

ஓதங்களைப் பற்றித் தெரிந்தவருக்கு இது இன்னும் விபரீதமாகப் படும். 12 மணி என்பது சூரியன் எழுப்பும் ஓதத்தின் கால அளவு. துறைசார்ந்தவர்கள் அதை எஸ்2 என்பார்கள். நிலவின் முதன்மை ஓதம் எம்2. நிலவு பூமியை நெருங்கியும் விலகியும் சுற்றுவதால் என்2 என்று இன்னொன்றும் உண்டு, அதன் கால அளவு 12 மணி 39½ நிமிடம். ஆக, கடலில் இருக்கிற எம்2 படத்தில் தெரியவில்லை; இல்லாத சூரியன் 40 செ.மீ. உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. என்2 போலத் தோன்றும் ஒன்று எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. 240 மணி நேரப் பதிவுக்குள் முழுச் சுற்றுகளாக அடங்கும் அலைகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கில் கோடு உண்டு. ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று 120 சுற்று வரை; சராசரி நீர்மட்டத்துக்குப் பூஜ்யக் கோடு தனி. இருபது சுற்று அடங்கினால் கால அளவு 12 மணி. பத்தொன்பது என்றால் 12 மணி 38 நிமிடம். இடையில் எதுவும் கிடையாது. நம் எம்2 பத்து நாளில் 19.32 சுற்று ஓடுகிறது. அதற்கென்று ஒரு கோடு இல்லாததால், அதன் வலு அக்கம்பக்கத்துக் கோடுகளுக்குப் பிரிந்து போகிறது. இதைத்தான் கசிவு என்கிறார்கள். எல்லாக் கோடுகளையும் திரும்பக் கூட்டிப் பாருங்கள், 240 எண்களும் பிசகாமல் அப்படியே வந்து நிற்கும். கணக்கு நேர்மையானது. ஒவ்வொரு கோட்டுக்கும் கடலில் ஒரு காரணத்தைத் தேடப் புறப்படுவதுதான் தவறு. அந்தக் கோடுகளில் பாதியைப் போட்டது கடல், மீதியைப் போட்டது நாம் பத்தாம் நாளோடு பதிவை நிறுத்திய செயல்.

இன்னும் ஐந்து நாள் அளந்தால் கதையே மாறுகிறது. 15 நாள் என்றால் 360 மணி. அதில் எம்2 28.98 சுற்று, எஸ்2 சரியாக 30 சுற்று. இரண்டும் தத்தம் கோட்டில் கச்சிதமாக உட்காருகின்றன, 12 மணியில் பொய்ச் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 29 நாள் எடுத்தால் என்2 54.98, எம்2 56.04, எஸ்2 58 என்று மூன்றுமே முழு எண்களை ஒட்டி விழுகின்றன. ஓதக் கணக்கில் 29 நாள் பதிவுக்குத் தனி மரியாதை இருப்பதற்கு இதுவே காரணம்.

15 நாள் என்ற எண்ணுக்குப் பின்னால் எந்த மாயமும் இல்லை, கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது பழக்கமான கணக்குதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெருக்கும், அஷ்டமி வாக்கில் அடங்கும். எம்2-வும் எஸ்2-வும் சேர்ந்தும் விலகியும் ஓடுவதன் விளைவு அது. ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு 14.77 நாள். அந்தச் சுழற்சி ஒருமுறையாவது முழுதாக நடப்பதைப் பார்க்காதவரை, இரண்டு ஓதங்கள் கலந்திருக்கின்றனவா, அல்லது ஒரே ஓதம் மெல்லத் தடித்தும் மெலிந்தும் வருகிறதா என்று எண்களுக்கே தெரியாது. அதிர்வெண்ணில் எவ்வளவு நெருக்கமான இரண்டைப் பிரிக்க விரும்புகிறோமோ, அவ்வளவு நீளமாகப் பதிவு வேண்டும். எஸ்2-வுக்குப் பக்கத்திலேயே 11 மணி 58 நிமிடத்தில் கே2 என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க அரை வருஷப் பதிவு தேவை.

இந்த நிபந்தனைக்குக் குறுக்கு வழி தேடாதவர் இல்லை. அதிகம் பேர் ஏமாறுவது பூஜ்யங்களை ஒட்டும் வழியில். 240 எண்களுக்குப் பின்னால் 2160 பூஜ்யங்களைச் சேர்த்து, நூறு நாள் பதிவுபோல் ஆக்கி உருமாற்றினால், கோடுகள் பத்து மடங்கு நெருங்கி வந்து படம் வழுவழுப்பாகிவிடும். ஒரே ஓதம் உள்ள நம் கற்பனைக் கடலில் இதனால் பயனும் உண்டு. முகடு 12 மணி 25 நிமிடத்தை ஒட்டி வந்து நிற்கும். ஆனால் எம்2-வும் எஸ்2-வும் உண்மையிலேயே கலந்திருக்கும் கடலில் அந்த முகடு நம்பும்படி இரண்டாகப் பிரியாது. பூஜ்யங்களுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது அல்லவா? அழகான வளைவைப் பார்த்ததும் நுணுக்கம் கூடிவிட்டதாக நினைப்பது இந்தத் துறையின் நிரந்தர மயக்கம்.

இன்னொரு வழி, பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தேய்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. இப்படித் தேய்க்கும் வளைவைச் சாளரம் என்பார்கள். ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஜூலியஸ் ஹான் பெயரில் வழங்கும் சாளரம் இதற்குப் பிரபலம். தூரத்துச் சில்லறைக் கசிவுகளை அது பெருமளவு துடைத்துவிடும். பதிலுக்கு ஒவ்வொரு முகட்டின் அகலமும் இரட்டிப்பாகும், பக்கத்தில் உள்ளவற்றைப் பிரிப்பது இன்னும் கடினமாகும். புதிதாகப் பழகுபவர் திகைக்கும் இடம் ஒன்றும் உண்டு: சாளரம் போடாமல், முழுச் சுற்றுகளாக அடங்கும் ஒரு மீட்டர் அலைக்குத் திரையில் 120 என்று எண் வந்து நிற்கும். பெரும்பாலான மென்பொருள்கள் கூட்டி மட்டும் கொடுக்கும். எண்ணிக்கையான 240-ஆல் வகுத்து, எதிர் அதிர்வெண் பக்கம் போன பாதியையும் சேர்க்க இரண்டால் பெருக்கினால் ஒரு மீட்டர் கிடைத்துவிடும்.

ஓதக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தார்கள். 1965-ல் கூலியும் டூக்கியும் வேக உருமாற்ற முறையை வெளியிடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் ஓதங்களைப் பிரித்தறியும் கணக்கைத் தொடங்கிவைத்தார். 1879-ல் இந்தியத் துறைமுகங்களுக்காகவே பல்சக்கரங்களால் இயங்கும் ஓதக் கணிப்பு இயந்திரம் ஒன்று லண்டனில் செய்யப்பட்டது. அவர்கள் வழி எளிது. நிலவும் சூரியனும் எந்த அதிர்வெண்களில் இழுக்கின்றன என்பது வானியலிலிருந்தே தெரியும். ஆகவே அந்த அதிர்வெண்களை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அவற்றின் அளவை மட்டும் பதிவிலிருந்து கண்டுபிடித்தால் போதும். லிவர்பூலில் ஆர்தர் டூட்சன் 1921-ல் இப்படி 388 கூறுகளைப் பட்டியலிட்டார். விடையில் பாதி முன்பே தெரியும்போது உருமாற்றத்திடம் முழு விடையையும் கேட்பது வீண் வேலை என்பது என் கட்சி. ஆனாலும் பத்து நாள் பதிவு இங்கேயும் தொல்லைதான். எம்2-வுக்கும் எஸ்2-வுக்கும் பங்கு பிரிக்கையில், சின்னக் காற்றலைப்புகூட விடையைப் புரட்டிப் போட்டுவிடும்.

மணிக்கொரு முறை அளக்க முடிகிற கரையிலேயே இவ்வளவு பாடு. விண்ணிலிருந்து அளந்தால்? 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடான் செயற்கைக்கோள் ரேடார் மூலம் கடல் மட்டத்தை அளந்தது. ஆனால் ஒரே இடத்துக்கு மேலே அது 9.9156 நாளுக்கு ஒருமுறைதான் வரும். அந்த இடைவெளியில் எம்2 19.16 சுற்று ஓடிவிடுகிறது. முழுச் சுற்றுகள் செயற்கைக்கோளின் கண்ணில் படாது, மிச்சமிருக்கும் 0.16 மட்டுமே படும். சினிமாவில் வண்டிச் சக்கரம் மெதுவாகச் சுழல்வதுபோலத் தெரியுமே, அதே சங்கதி. அரை நாளில் ஏறி இறங்கும் எம்2, செயற்கைக்கோளின் பதிவில் 62.1 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சோம்பேறி அலையாகிறது. எஸ்2 58.7 நாள் அலையாகிறது. இந்த இரண்டையும் பிரிக்க எவ்வளவு பதிவு வேண்டும்? கரையில் 15 நாளில் முடிந்த வேலைக்கு இங்கே கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

இவ்வளவும் தெரிந்துதான் அந்தச் சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். முக்கிய ஓதங்கள் எந்த மாறுவேடத்தில் வந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல், சகிக்கக்கூடிய காலத்தில் பிரியவேண்டும் என்பது திட்டமிடும்போதே வைத்த நிபந்தனை. அந்த வசதி எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் வாய்ப்பதில்லை. இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி அமைப்பும் சேர்ந்து 2013 பிப்ரவரி 25-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய சரல், 35 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு, ஏறத்தாழ அதே சூரிய நேரத்தில் வரும் பாதையில் சுற்றியது. 35 நாளில் எஸ்2 சரியாக 70 சுற்று. மிச்சம் எதுவும் இல்லை. எத்தனை வருஷம் அளந்தாலும் ஒவ்வொரு முறையும் சூரிய ஓதம் ஒரே உயரத்தில் நிற்பதைத்தான் அது பார்க்கும். உருமாற்றத்தில் அது ஓதமாகவே வராது, பூஜ்யக் கோட்டில், சராசரிக் கடல் மட்டத்தோடு கரைந்து கிடக்கும். சரலின் எண்களை எவ்வளவு அலசினாலும் அங்கிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் டோபெக்ஸும் அதன் வழிவந்த செயற்கைக்கோள்களும் சேர்த்த பதிவுகளை வைத்து உருவாக்கிய ஓத மாதிரிகளிலிருந்து எஸ்2-வைக் கணக்கிட்டு, சரலின் அளவுகளிலிருந்து கழிக்க வேண்டியிருக்கிறது.