எல்லையூர்க் கதைகள் – 9: இரண்டு சேனைகளுக்கு நடுவே 1,400 பேர்

சென்ற வாரம் வந்தவாசியில் நிறுத்தினோம். 1760 ஜனவரி 22 அன்று அங்கே பிரெஞ்சுப் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் முறியடித்தார். ஐரோப்பா, அமெரிக்கா, வங்கம் என்று பல திசைகளில் நடந்த ஏழாண்டுப் போர், அந்தத் தோல்வியோடு புதுச்சேரியின் வாசலுக்கே வந்துவிட்டது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். மதகடிப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. கண்டமங்கலம் தமிழ்நாடு. அடுத்து வரும் அரியூர் மறுபடியும் புதுச்சேரி. இப்படி எல்லை முன்னும் பின்னுமாகப் போவதற்குக் காரணம் போர்கள்தான். கர்நாடகப் போர்களில் சந்தா சாகிப் பக்கம் நின்றதற்குப் பரிசாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. போரில் அவை கைவிட்டுப் போயின. 1783 உடன்படிக்கையில் மறுபடியும் அவர்களுக்கே என்று எழுதப்பட்டன. உழுது பயிரிட்ட குடியானவர்களை எந்தத் தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோட்டைக்குள் இருந்த நகரத்துக்கு அரிசியும் மாடும் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்துதான் போகவேண்டும். கூட் இதைப் புரிந்துகொண்டவர். கோட்டையை நேரே தாக்காமல், முதலில் சோறு வரும் வழிகளை அடைத்தார். 1760 ஜூலையில் அரியூருக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லியனூர்க் கோட்டையை வளைத்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரிடம் உதவி கேட்டிருந்தார். தியாகதுருகம் வழியாக மைசூர்ப் படை மாடுகளோடு வந்து சேர்ந்தது. இரு படைகளும் வில்லியனூரை மீட்கப் புறப்பட்டபோது, கோட்டையில் ஆங்கிலக் கொடி ஏறிவிட்டிருந்தது. கொஞ்ச நாளில் மைசூர்ப் படை திரும்பிப் போய்விட்டது. செப்டம்பரில், நகரத்தைச் சுற்றி அரணாக வளர்த்திருந்த முள்வேலியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. எந்தக் கொடி பிடித்த சேனையானாலும் நெல்லையும் வைக்கோலையும் வண்டி மாட்டையும் பக்கத்து ஊர்க் களத்திலும் தொழுவத்திலும்தானே தேடும்!

நவம்பர் கடைசியில் லாலி ஒரு கணக்குப் போட்டார். இருக்கும் தானியம் சிப்பாய்களுக்கே போதாது. எனவே நகரத்திலிருந்த தமிழ்க் குடிகளில் 1,400 பேரை, ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று பாராமல், வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்தார்.

அவர்கள் ஆங்கிலப் பாளையத்தை நோக்கி நடந்தார்கள். இவர்கள் போய்விட்டால் உள்ளே சோறு மிச்சமாகும் என்று கூட்டின் படை அவர்களைத் திருப்பி விரட்டியது. விரட்டிய சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த நாட்டு மனிதர்களே. விரட்டப்பட்டவர்கள் கோட்டைக்குத் திரும்பி ஓடினார்கள். அங்கிருந்து துப்பாக்கி சுட்டது. கார்த்திகை மாதம் எட்டு நாள், கோட்டைக்கும் முள்வேலிக்கும் நடுவே கிடந்த வெளியில் புல்லின் வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள் என்று கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். கடைசியில் கூட் வழிவிட்டார். போன இடத்தில் அவர்களுக்கு வீடு இருந்ததா, எத்தனை பேர் உயிரோடு போனார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததற்குப் பதிலடியாக நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. லாலியை 1766இல் பாரிஸில் தலைவெட்டிக் கொன்றார்கள். அவருக்கு நியாயம் கேட்டு வோல்த்தேர் போன்ற பெரிய எழுத்தாளரே பேனாவைத் தூக்கினார். 1,400 பேருக்காக எழுத ஒருவரும் இல்லை. வரலாற்றில் அவர்கள் வெறும் எண்.

இது பழங்காலத்துக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படை பட்டினி போட்டது. தப்பிவரும் மக்களைச் சுட்டுத் திருப்பச் சொன்ன உத்தரவு குற்றமா என்ற கேள்வி, 1948இல் நூரம்பர்க்கில் ஓர் அமெரிக்க நீதிமன்றத்தின் முன் வந்தது. அன்றைய போர்ச் சட்டப்படி அது குற்றமில்லை என்றே தீர்ப்பானது. குடிமக்களைப் பட்டினி போட்டுப் போரிடுவதை ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறை தடை செய்தது 1977இல்தான். அதன் பிறகும், 2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒரு கீற்று மணலில் நம் மக்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். வெறும் கஞ்சிக்காக வரிசையில் நின்றார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவது அந்தப் பசியை மறக்காமலிருக்கத்தான்.

ஆகவே எந்தப் போரைப் படித்தாலும் வென்றவர் யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நடுவில் நின்றவர்கள் யார், அவர்களுக்கு வழிவிட மறுத்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத வெற்றி எதையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமையாகக் கற்றுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அடுத்த வாரம்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போன புதுச்சேரி ‘சொல்தா’க்கள்.

(தொடரும்)