பாட்டிக்காக வாங்கிய வேன்

அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, கார் மாற்றுவார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அவரோ கட்டில், குளிர்பெட்டி, சிறிய கழிப்பறை எல்லாம் பொருத்திய பழைய ஹையேஸ் வேன் ஒன்றைக் கிள்ளான் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

காரணம் பாட்டி. அவருக்கு 78 வயது. பிறந்தது கேமரன் மலையில் ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். 19 வயதில் திருமணமாகி இறங்கி வந்தவர், பிறகு ஏறவே இல்லை. இப்போது முழங்கால் வலியால் காரில் ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாது. கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டும். படுத்துக்கொண்டே போகலாம் என்றால் வருவார் என்பது அப்பாவின் கணக்கு.

“நீதான் பல்கலைக்கழகத்துல படிக்கிறியே, இதையெல்லாம் கொஞ்சம் பாரும்மா” என்று வேனின் வயர்களைக் காட்டி என்னிடம் விட்டுவிட்டார். நான் படிப்பது கணக்கியல். ஆனாலும் விடுமுறைதானே என்று ஒத்துக்கொண்டேன்.

விற்றவர் “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லியிருந்தார். அதைச் சோதிக்க நல்ல இடம் நம் வீட்டு வாசல்தான். வெளியூருக்குக் கிளம்பும் முன் ஒரு முழு இரவு வேனிலேயே சமைத்து, குளித்து, தூங்கிப் பாருங்கள். ஏதாவது கெட்டால் பத்தடி நடந்து வீட்டுக்குள் போய்விடலாம். நானும் தம்பியும் அப்படித்தான் படுத்தோம். அதிகாலை 4 மணிக்கு மின்விசிறி நின்றது, குளிர்பெட்டி அடங்கியது. கொசு மட்டும் வேலை செய்தது.

காலையில் மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். இந்த வேலைக்கு விலை மலிவான மீட்டரே போதும். முழுதாக மின்னேற்றிய 12 வோல்ட் ஈய அமில பேட்டரி, அரை மணி நேரம் எதுவும் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.7 காட்ட வேண்டும். 12.1க்கு வந்தால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். எங்களுடையது 11.6.

பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று அப்பா உடனே முடிவு கட்டினார். எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மனம் ஆறவில்லை. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய அமில வகையில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும்; ஆகவே நமக்கு உரியது 600தான். இரவு 8 மணியிலிருந்து காலை 5 மணிவரை குளிர்பெட்டி சுமார் 200, இரண்டு மின்விசிறிகள் 270, விளக்கும் கைப்பேசியும் 50. மொத்தம் 520. புது பேட்டரிக்கே இது இழுபறி. எங்களுடையதோ ஐந்து வயதானது. பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் அதையும் சில மாதங்களில் கெடுத்திருப்போம். பேட்டரியையும் மாற்றி, ஒரு மின்விசிறியையும் குறைத்தோம். லித்தியம் வகை நன்றாக உழைக்கும் என்கிறார்கள். விலையைக் கேட்டதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகும் குளிர்பெட்டி அடிக்கடி நின்றது. பேட்டரியில் அளந்தால் 12.6, குளிர்பெட்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் அளந்தால் 11.2. நடுவே 1.4 வோல்ட் காணாமல் போகிறது. வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். தரைக்கம்பி வேனின் உடலோடு சேரும் போல்ட்டில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சரியானது. செலவு ஒரு ரிங்கிட்கூட இல்லை.

இன்னொன்று, நள்ளிரவில் தண்ணீர் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிர்ர்’ என்று தானாக ஓடி நின்றது. பேய் என்றான் தம்பி. குழாய் மூடியிருக்கும்போது பம்ப் ஓடினால் எங்கோ அழுத்தம் குறைகிறது, அதாவது கசிகிறது என்று அர்த்தம். தொட்டிக்கடியில் டிஷ்யூ தாளை விரித்து வைத்தோம். காலையில் ஒரு மூலை நனைந்திருந்தது. அதற்கு நேர்மேலே இருந்த இணைப்பைத் திருகி இறுக்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

நான் கவனிக்காமல் விட்டதைப் பட்டறைக்கார அங்கிள்தான் பிடித்தார். டயரில் கட்டை நன்றாகத்தான் இருந்தது. அவர் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 1412. அதாவது 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். இத்தகைய வேன்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். டயர் தேயாமலேயே கிழடாகி வெடிக்கும். சுமை ஏற்றும் வேனுக்குரிய வகையில் நான்கையும் மாற்றினோம். காற்றழுத்தத்தைக் காருக்கு அடிப்பதுபோல் அடிக்காமல், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து அடியுங்கள்.

பத்திரங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வேனை உள்ளே மாற்றியமைத்ததற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இருக்கிறதா, காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். அப்பா கொடுத்த பிறகு கேட்டார். நல்லவேளை, இருந்தது.

முதல் பயணம் கேமரன் மலைக்கு அல்ல, மோரிப் கடற்கரைக்கு. ஒரே ஒரு இரவு. கூரையின் உயரத்தை நாடாவால் அளந்து ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்தேன்: 2.4 மீட்டர். பேரங்காடிக் கார் நிறுத்துமிடங்களில் 2.1 மீட்டர் என்று தொங்கும் குறுக்குக் கம்பி இனி நமக்கு எதிரி. அம்மா பத்து கிலோ அரிசியும் அம்மிக்கல்லும் ஏற்றப் பார்த்தார். தண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ, தொட்டியில் 60 லிட்டர் என்று சொல்லி அம்மியை இறக்கினேன். அரிசியை இறக்க முடியவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் அடுப்பை வேனுக்கு வெளியே வைத்துத்தான் சமைத்தோம். கழிப்பறைப் பெட்டியைக் கால்வாயில் கவிழ்க்காமல் முறையான கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். அந்த வேலை யாருக்கு என்று நடந்த விவாதத்தை இங்கே எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாட்டியோடு கிளம்பினோம். ஏறுவதற்குச் சிம்பாங் பூலாய் சாலையைத் தேர்ந்தெடுத்தோம். தாப்பா சாலையைவிட நீளம், ஆனால் அகலம் அதிகம், வளைவுகள் குறைவு. பிற்பகல் 3 மணிக்குள் தங்குமிடம் சேர்வது என்று முடிவு. இருட்டில் புது இடத்தில் பெரிய வண்டியைப் பின்னுக்கு எடுப்பது கொடுமை. முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டிருந்த முகாம் இடத்தில் தங்கினோம்.

மறுநாள் காலை ஹாபு. தேயிலைச் சரிவுக்கு எதிரே வேனை நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்தோம். சக்கர நாற்காலியை இறக்கப் போனபோது பாட்டி வேண்டாம் என்றார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, “அந்த மேட்டுக்குப் பின்னாலதான் எங்க லயம். காலையில பனியில கால் விரைச்சிடும் கண்ணு” என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

தப்பு திரும்பும்போது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் பக்கம் நெரிசல் என்பதால், திட்டத்தை மாற்றி ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கினார் அப்பா. இரண்டரை டன் வண்டி, ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். அவர் காரில் பழகியபடி பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லாத்தா இஸ்கண்டாரை நெருங்கும்போது கருகிய வாடை. “என்னங்க, காலு உள்ள போகுதா?” என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. போகிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

கியரை இரண்டுக்கு இறக்கி, இன்ஜினின் பிடியிலேயே வேகத்தைக் குறைத்து, அருவிக்கு எதிரே நிறுத்துமிடத்தில் ஒதுக்கினார். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றத் தம்பி வாளியோடு ஓடினான், பிடித்து நிறுத்தினேன். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் வளைந்துவிடலாம். தானாக ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எண்ணெய் சூட்டில் சீக்கிரம் கொதித்து, மிதி பஞ்சாகிவிடும். டயரின் வயதைப் பார்த்த நாங்கள் எண்ணெயின் வயதைக் கேட்கவே இல்லை. அந்த நோட்டில் நான் எழுதிய 31 வரிகளில் பிரேக் என்ற சொல்லே கிடையாது.

மிச்ச மலையை இரண்டாம் கியரில், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, மெதுவாக இறங்கினோம். மறுநாளே பட்டறையில் எண்ணெயை மாற்றி, தேய்ந்திருந்த பேடுகளையும் மாற்றினோம்.

பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. கட்டிலில் தூங்கிக்கொண்டு வந்தார். அடுத்து எங்கே என்று இப்போது அவர்தான் கேட்கிறார். குவாந்தான் என்கிறார் அப்பா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்ச் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நோட்டின் 32ஆவது வரியை அப்பாவே தம் கையெழுத்தில் எழுதிவிட்டார்.