வீட்டிற் பொருத்திய கணினியில் மக் முறைமை: பழுதறியும் வழி

கணினி ஒன்று இயங்காது நின்றுவிட்டால் அதன் உடைமையாளர் இருவகையாக நடந்துகொள்வதுண்டு. ஒரு சாரார் கைக்கு எட்டியவற்றையெல்லாம் மாற்றிப் பார்ப்பர். தற்செயலாக இயங்கிவிட்டால், எதனால் இயங்கிற்று என்பதை அவர் அறியார். மறுமுறை நின்றால் மறுபடியும் இருளிலே தடவுவர். மற்றொரு சாரார், அது எவ்விடத்தில் நின்றது என்பதை முதலிற் கண்டு, அவ்விடத்திற்குரிய காரணத்தை மட்டும் நாடுவர். இவ்விரு போக்குகளுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாகக் காட்டவல்லது 'ஹக்கின்ரோஷ்' எனும் பெயர் பெற்ற கணினியாகும்.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம், தான் செய்யும் மக்கின்ரோஷ் கணினிகளுக்கென ஆக்கிய முறைமை மக் ஓ.எஸ். எனப்படும். கடையிலே தனித்தனியாக வாங்கிய தாய்ப்பலகை, செயலி, நினைவகம் முதலியவற்றை வீட்டிற் பொருத்தி, அக்கணினியில் இம்முறைமையை இயக்கினால் அது ஹக்கின்ரோஷ் ஆகும். 2005 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தன் கணினிகளில் இனி இன்ரெல் செயலிகளையே அமைக்கப்போவதாக அப்பிள் அறிவித்தது. அத்தகைய முதற் கணினிகள் 2006 சனவரியில் வெளிவந்தன. சாதாரணக் கணினிகளிலுள்ள செயலியும் மக்கின்ரோஷில் உள்ள செயலியும் ஓரினமாகவே, இம்முயற்சிக்கு வாயில் திறந்தது. விலைக்குறைவும், உறுப்புகளை விரும்பியவாறு மாற்றும் உரிமையும் பலரை இதன்பால் ஈர்த்தன.

இங்கே சட்டநிலையை மறைத்தல் தகாது. மக் ஓ.எஸ். உடன் வரும் உரிம உடன்படிக்கை, அப்பிள் பெயர் தாங்கிய கணினிகளில் மட்டுமே அதனை நிறுவ இடந்தருகின்றது. 2008 இல் சைஸ்டார் எனும் அமெரிக்க நிறுவனம் இத்தகைய கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கியபோது, அப்பிள் அதன்மீது வழக்குத் தொடுத்து 2009 இல் வென்றது. 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆகவே, இவ்வழியில் இறங்குவோர் இதனை அறிந்தே இறங்குதல் வேண்டும். பழுது நேர்ந்தால் முறையிடுவதற்கு உற்பத்தியாளர் எவரும் இலர்; உடைமையாளரே வைத்தியருமாவார்.

இக்கணினிகளில் பழுது தோன்றுவதன் மூலகாரணம் யாது? மக் ஓ.எஸ். தான் குடியிருக்கும் வீட்டை நன்கு அறிந்ததுபோல நடந்துகொள்கின்றது. தொடங்கும்போதே உறுப்புகளை நோக்கிப் பல வினாக்களை எழுப்புகின்றது. எடுத்துக்காட்டாக, இன்ரெல் செயலி கொண்ட மக்கின்ரோஷ்களில் வெப்பம், விசிறி, மின்வலு ஆகியவற்றைக் கண்காணிக்கும் எஸ்.எம்.சி. எனும் சில்லு உண்டு. முறைமை அதனிடம் விடை கேட்கும். வீட்டிற் பொருத்திய கணினியிலோ அச்சில்லு இல்லை. அதற்குப் பதிலாக 'வேர்ச்சுவல்-எஸ்.எம்.சி.' எனும் சிறு மென்பொருள் விடை கூறுகின்றது. இவ்வாறு விடை கூறும் துணைநிரல்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, முறைமை விழிக்குமுன் நினைவகத்தில் ஏற்றிவைப்பது 'ஓப்பன்கோர்' எனும் தொடக்கநிரலாகும். இதனை மனத்திற் கொண்டால் ஓர் உண்மை புலப்படும். இங்கே பழுது எனப்படுவது பெரும்பாலும் உடைந்த உறுப்பன்று. விடை கிடையாத வினாவே. பழுதறிதலாவது, அவ்வினா எது என்பதைக் கண்டறிதல்.

எனினும், உறுப்பு உண்மையிலேயே கெட்டிருத்தலும் கூடும். ஆதலால் முதற்படியாக, அதே கணினியில் விண்டோஸையோ லினக்ஸையோ இயக்கிப் பார்த்தல் நன்று. அங்கும் தடுமாறினால், தளர்ந்த நினைவகத் தகடு, குறைந்த மின்வழங்கல், தேய்ந்த வட்டு முதலியவற்றையே ஐயுறல் வேண்டும். அங்கே செவ்வனே இயங்கி, மக் முறைமையில் மட்டும் நின்றால், குற்றம் அமைப்பிலே உள்ளது.

இரண்டாம் படி, கணினியைப் பேசவைத்தல். வழக்கமாக அப்பிள் சின்னத்தையும் ஒரு கோட்டையும் மட்டுமே திரை காட்டும். தொடக்கக் கட்டளையில் '-வி' எனும் குறியைச் சேர்த்தால், நிகழும் ஒவ்வொன்றும் எழுத்து வரிகளாக ஓடும். ஓட்டம் நின்ற இடத்திலுள்ள இறுதி வரிகளே நோயின் இருப்பிடத்தைச் சுட்டுவன. அவற்றை ஒளிப்படமாக எடுத்து வைத்துக்கொள்ளல் பயனுடையது.

வரிகள் 'எக்ஸிட்-பி.எஸ். ஸ்டார்ட்' என்பதுடன் நின்றுவிட்டால், தாய்ப்பலகையின் அடிநிரல் ஆட்சியை முறைமையிடம் ஒப்படைக்கும் தறுவாயிலேயே தடை நேர்ந்துள்ளது. நினைவகப் பங்கீடு பற்றிய ஓப்பன்கோர் அமைப்புகளை அங்கே ஆராய்தல் வேண்டும். கரு எனப்படும் உள்நிரல் எழுந்தவுடனே அதிர்ந்து விழுந்தால், 'சி.எப்.ஜி. லொக்' எனும் பூட்டை ஐயுறலாம். செயலியின் மின்வலுவை ஆளும் பதிவேடு ஒன்றை அடிநிரல் பூட்டிவைக்கின்றது. முறைமையோ அதில் எழுத முயன்று வீழ்கின்றது. பல தாய்ப்பலகைகளில் இப்பூட்டை அடிநிரற் பட்டியலிலேயே திறக்கலாம். அவ்வாய்ப்பு இல்லாதவிடத்து, முறைமை அங்கே எழுதாதவாறு ஓப்பன்கோரில் ஏற்பாடு செய்யலாம்.

'மூலச் சாதனத்திற்காக இன்னும் காத்திருக்கிறேன்' எனும் பொருளுடைய ஆங்கில வரி தோன்றுவதும் உண்டு. யூ.எஸ்.பி. தகட்டிலிருந்து நிறுவ முயல்வோர் இதனாற் பெரிதும் மயங்குவர். தொடங்கியதே அத்தகட்டிலிருந்து அன்றோ என்பர். தொடக்கத்தில் அத்தகட்டைப் படித்தது அடிநிரல். பின்னர் அப்பொறுப்பை முறைமை தானே ஏற்கின்றது. ஏற்ற கணத்தில் அந்த வாயிலை அது அறியாவிடின், தன்னை ஏற்றிவந்த ஓடத்தையே காணாது கரையில் நிற்பவன் நிலையை அடைகின்றது. தகட்டை வேறொரு வாயிலிற் செருகுதல், வாயில்களின் வரைபடத்தைத் திருத்துதல், உள்வட்டாயின் அடிநிரலில் 'ஏ.எச்.சி.ஐ.' முறையைத் தெரிதல் ஆகியன இதற்குரிய மருந்துகள்.

வரிகள் யாவும் ஓடி முடிந்தபின் திரை மட்டும் இருண்டுவிட்டால், விசைப்பலகையின் 'கப்ஸ் லொக்' விளக்கை அழுத்திப் பார்க்கலாம். விளக்கு மாறி மாறி எரியுமாயின் கணினி பெரும்பாலும் உயிருடனேயே உள்ளது. வரைவியல் அட்டையே பேசவில்லை. ஏ.எம்.டி. றேடியன் ஆர்.எக்ஸ். 5000 வரிசை அட்டைகளில் 'ஏ.ஜி.டி.பி.மொட்=பிக்கேரா' எனும் ஒரு சொல்லைத் தொடக்கக் கட்டளையிற் சேர்த்த அளவிலே ஒளி பிறந்துவிடும். என்விடியா அட்டைகளின் நிலை வேறு. 2018 இல் மொஜாவே பதிப்பு வந்தபோது, அந்நிறுவனம் தனியே வழங்கிவந்த இயக்கநிரல்கள் அதற்கு வரவில்லை. அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ஆர்.ரி.எக்ஸ். வரிசைக்கு மக் இயக்கநிரல் ஒருபோதும் வெளிவந்ததில்லை. எவ்வளவு முயன்றும் அவ்வட்டைக்கு உரிய வேகத்தைப் பெறல் இயலாது. தீரும் நோய் இது, தீராத நோய் இது எனப் பகுத்தறிதலும் வைத்தியத்தின் பகுதியே. அதனாற் பல இரவுகள் வீணாகாமற் காக்கப்படும்.

ஒலி எழாமை சிறு குறை. தாய்ப்பலகையிலுள்ள ஒலிச் சில்லின் பெயரை அறிந்து, 'அப்பிள்-ஏ.எல்.சி.' எனும் துணைநிரலில் அதற்கெனத் தரப்பட்ட அமைப்பு எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தாற் போதும்.

ஒவ்வொன்றாக என்பதே இக்கலையின் உயிர்நாடி. ஒரே வேளையில் மூன்று மாற்றங்களைச் செய்பவர், நன்மை செய்தது எது, தீமை செய்தது எது என அறியமாட்டார். ஒரு மாற்றம், ஒரு தொடக்கம், ஒரு குறிப்பு என்பதே ஒழுங்கு. நன்கு இயங்கிய அமைப்பைத் தனியொரு யூ.எஸ்.பி. தகட்டிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். முயற்சி தவறினாலும் அத்தகட்டினின்று கணினியை மீட்கலாம். பிறர் தம் கணினிக்கென ஆக்கிய அமைப்பை அப்படியே பெயர்த்தல், மற்றொருவருக்கு எழுதிய மருந்தை உண்பது போன்றது. ஓப்பன்கோரின் பதிப்பு மாறும்போது அமைப்புக் கோப்பின் வடிவமும் மாறுதல் உண்டு. அக்கோப்பைச் சோதிக்க 'ஓ.சி. வலிடேற்' எனும் கருவி அதனுடனேயே வருகின்றது.

குறுக்குவழியின் விலையை ஒரு வரலாறு விளக்கும். 2015 இல் வெளிவந்த எல் கப்பிற்றான் பதிப்பு முதல், ஒரு யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியில் 15 வாயில்களுக்கு மேல் முறைமை ஏற்பதில்லை. 3.0 வகை வாயில் ஒன்று இரண்டாகக் கணிக்கப்படுவதால், இவ்வெல்லை விரைவில் நிரம்பிவிடும். தேவையான வாயில்களைத் தெரிந்து வரைபடம் ஆக்குதல் நேர்வழி; எல்லையையே நீக்கும் ஒட்டு ஒன்றை இடுதல் குறுக்குவழி. 2021 இல் 11.3 ஆம் பதிப்பு வந்தபோது அவ்வொட்டுப் பயனற்றதாயிற்று. அதனை நம்பியிருந்த கணினிகள் முற்றாகத் தொடங்காது மீண்டும் மீண்டும் விழுந்தெழுந்தன. வரைபடம் ஆக்கியிருந்தோருக்கு இவ்விடர் நேரவில்லை. 2023 இன் சொனோமா பதிப்பும் பழைய புரோட்கொம் கம்பியில்லா அட்டைகளுக்குரிய இயக்கநிரலைக் கைவிட்டது. ஆகவே, புதுப்பிப்பு வந்தவுடன் பாய்ந்து ஏற்காது, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிற் காத்துவைத்த பின்னரே அதில் இறங்குதல் அறிவுடைமை. கணினியை மறுபடியும் அமைக்கலாம். அழிந்த பல்லாண்டு உழைப்பை எவரும் மீட்டுத் தரார்.

இம்முயற்சியின் காலமும் எல்லையை அடைந்துவிட்டது. 2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்தச் செயலி பொருந்திய கணினிகளை வெளியிட்டது. 2023 இல் மக் புரோவும் மாறியதோடு அம்மாற்றம் நிறைவெய்திற்று. 2025 இல் வந்த டாஹோ எனும் 26 ஆம் பதிப்பே இன்ரெல் செயலிகளுக்குரிய இறுதிப் பதிப்பு என நிறுவனமே அறிவித்துள்ளது. எனவே, தொழிலுக்காக இக்கணினியை நம்பியிருப்போர் தம் கோப்புகளைப் பிற முறைமைகளும் படிக்கும் வடிவங்களில் இப்பொழுதே சேமித்தல் நலம். உறுப்புகளை எறிந்துவிட வேண்டுவதில்லை. லினக்ஸ் அவற்றில் நெடுங்காலம் நிலைத்து வாழும். கண்ட வரியைப் படித்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைக்கும் பழக்கமோ எந்தப் பொறியின் முன்னும் உதவுவது. முறைமை மாறினும் அப்பழக்கம் பெற்றவருக்கு இழப்பில்லை.