முன் பிரேக்கைக் கண்டு ஏன் அஞ்சுகிறோம்?



இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கை கால் முறிந்து வருகிறவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பிரேக் அடிச்சேன், நிக்கலை. ஸ்கிட் ஆயிடுச்சு." எந்தப் பிரேக்கை அடித்தீர்கள் என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "கால் பிரேக்தான், வேறென்ன?" என்று ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அந்த ஆச்சரியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இவை எல்லாவற்றுக்கும் பிரேக்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. குடி, வேகம், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு என்று காரணங்கள் பல. ஆனால் மற்றவை நம் கையில் பாதிதான் உண்டு. பிரேக் முழுவதும் நம் கையில், அதுவும் வலது கையில் இருக்கிறது.

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? மோட்டார் சைக்கிளும் அப்படியே சாய்கிறது. வண்டியின் எடையும் ஓட்டுகிறவரின் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் இறங்குகின்றன. முன்பக்கம் அமுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எடை ஏற ஏற முன் டயர் சாலையை இறுகப் பிடிக்கிறது. அதே நேரத்தில் பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை ஓங்கி மிதித்தால் அது சுழலாமல் நின்று தேய்ந்துகொண்டே போகும். வண்டியின் வால் ஒரு பக்கமாக இழுக்கும். நம்மவர்கள் "ஸ்கிட்" என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஆக, நிறுத்தும் வலிமை அதிகமாக இருப்பது முன் சக்கரத்தில். நாம் நம்பியிருப்பதோ பின் சக்கரத்தை.

இதனால் வரும் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் அசைவதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பின், நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையும் இருந்து, இரண்டு பிரேக்குகளையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். பின் பிரேக் மட்டும் என்றால் சுமார் 40 மீட்டர் தேவைப்படும். இன்னொரு விதமாகச் சொன்னால், முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அது இன்னும் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு லாரியின் பின்பகுதி இருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. அமெரிக்காவில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார. அவசரத்தில் ஓட்டிகள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. இரண்டு விநாடியில் யாரும் யோசித்துச் செய்ய முடியாது. கைகால்களுக்கு எது பழக்கமோ அதுதான் நடக்கும்.

நம் பழக்கம் எங்கிருந்து வந்தது? சைக்கிளிலிருந்து என்றே நினைக்கிறேன். சிறுவயதில் சைக்கிளின் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்துக் குப்புற விழுந்து முழங்கை சிராய்த்துக்கொள்ளாதவர் குறைவு. "முன் பிரேக்கைத் தொடாதே" என்பது அப்பாவும் அண்ணனும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வளர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும் அந்தப் பாடம் கூடவே வந்துவிட்டது. முன் பிரேக் கேபிளை வேண்டுமென்றே தளர்த்தி வைத்து ஓட்டும் பெரியவர்களும் உண்டு.

பழகிய வண்டியும் கைகால்களில் தங்கிவிடுகிறது. திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. அதில் பல ஆண்டுகள் ஓட்டியவர் மகனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால், ஆபத்து நேரத்தில் இடது கால் கியரைத்தான் மிதிக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞர் வீட்டுப் பெண்களின் கியர் இல்லாத ஸ்கூட்டரை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இடது கை கிளட்சைத் தேடிப் பலமாக இறுக்குகிறது. ஸ்கூட்டரில் அங்கே இருப்பது பின் பிரேக்! வலது காலோ வெறும் பலகையை மிதித்துக்கொண்டிருக்கும். வண்டி மாற்றி ஓட்டும் வீடுகளில், கிளம்பியவுடன் தெருமுனைக்குள் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்துவது இன்னொரு பழக்கம். மொபெட், ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளிடம் இதை அதிகம் காண்கிறோம். மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. கொஞ்சம் வேகமிருந்தால் கணுக்கால் திருகிக்கொள்ளும்.

கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். கிளட்சைப் பிடித்த மாத்திரத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டவுடன் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமே, அந்த உதவி போய்விடும். வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில் கிளட்சைப் பிடித்தால் போதும். (1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினின் இழுப்பு இயல்பிலேயே குறைவு. அவற்றை ஓட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம்.) மலைப்பாதையில் இது இன்னும் முக்கியம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறங்கினால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல்தான். டிரம் சூடேறி, பாதி வழியில் பிடிப்பை இழந்துவிடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.

அப்படியானால் முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது? எலுமிச்சம்பழம் பிழிவதுபோலப் பிடிக்க வேண்டும். முதலில் மெல்ல, பிறகு படிப்படியாக இறுக்கி. சட்டென்று இறுக்கினால், எடை முன்னால் வந்து சேருவதற்குள் சக்கரம் நின்று சறுக்கிவிடும். நாம் சைக்கிளில் விழுந்ததும் இப்படித் திடீரென்று பிடித்ததால்தான். கூடவே பின் பிரேக்கையும் அளவாக மிதிக்க வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும் டயர், திரும்புவதற்கே தன் பிடிப்பில் பெரும்பங்கைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஓரத்து மணல், ஜல்லி, முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் சாலை, நனைந்த வெள்ளைக்கோடு ஆகிய இடங்களில் இரண்டு பிரேக்குமே மென்மையாகத்தான் வேண்டும். சீக்கிரமே தொடங்க வேண்டும். பின்னால் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தால் வண்டியின் மொத்த எடை கூடிவிடுகிறது. அதே அழுத்தத்துக்கு அதே தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பிரேக்கின் மேலேயே பாதத்தை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் தங்கள் பின்விளக்கு நாள் முழுவதும் எரிவதை அறிவதில்லை. உண்மையாகவே அவர் நிறுத்தும்போது பின்னால் வருபவருக்கு அது தெரியாது.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். என்ற அமைப்பு கட்டாயம். சக்கரம் நின்றுவிடப்போகிறது என்று உணர்ந்தால் அது பிரேக்கைக் கணநேரம் விட்டுவிட்டு மீண்டும் பிடிக்கும். இதை ஒரு விநாடிக்குள் பலமுறை செய்யும். அப்போது பிரேக் லீவர் கையில் துடிப்பதுபோல் இருக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து கையை எடுத்துவிடாதீர்கள், இறுக்கிப் பிடித்தபடியே இருங்கள். பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் ஏ.பி.எஸ். இல்லையென்றால் கூட்டுப் பிரேக் இருக்கும். ஸ்கூட்டரில் இடது கைப்பிடியைப் பிடித்தால் முன் சக்கரமும் ஓரளவு பிடிக்கும். ஓரளவுதான். வலது கைக்கு இன்னும் வேலை உண்டு.

வாசிப்பதால் மட்டும் இப்பழக்கம் வராது. ஞாயிறு மாலையில் பள்ளி மைதானம் காலியாக இருந்தால் வண்டியை எடுத்துச் செல்லுங்கள். புழுதியில்லாத, கெட்டியான தரையாக இருக்கட்டும். ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்து, 20 கி.மீ. வேகத்தில் வந்து அந்த இடத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். நின்ற இடத்தில் இன்னொரு கல். அடுத்த சுற்றில் முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்கி மட்டும். பிறகு இரண்டும் சேர்த்து. பழகியபின் 30 கி.மீ. வேகத்தில் மீண்டும் செய்து பாருங்கள். கற்களுக்கு இடையே உள்ள தூரத்தை எண்ண அடிக்கோல் வேண்டாம், காலடி போதும். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைச் செங்கல் வைக்கச் சொன்னால் பாடம் தானாகவே பதியும்.